அட்டைப்பெட்டிப் பிறந்தநாள்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இன்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். பிறகு யாரும் மாற்றிச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக நடந்ததை எழுதி வைக்கிறேன்.

நீதிமன்றம் எங்களை அனுப்பியிருக்கும் ஆலோசனை மையம் கிருஷ்ணகிரியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் இருக்கிறது. ஞாயிறுதோறும் பத்து மணி முதல் ஒரு மணி வரை என் மகள் ஆதிரையை நான் அங்கே பார்க்கலாம். பதின்மூன்று மாதமாக இதுதான் ஏற்பாடு. அந்த அறையின் சுவரில், குழந்தைகள் சந்தோஷப்படட்டும் என்று ஒட்டகச்சிவிங்கி வரைந்திருக்கிறார்கள். அதற்கு ஐந்து கால். ஒன்றை அழிக்க மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் நான் தரப் பரிசோதகன். இப்படிப்பட்டவை என் கண்ணுக்குத் தப்பாது. ஆதிரையிடம் காட்டினேன். "ஆமாப்பா" என்றாள்.

என் மனைவி மஞ்சரியோடு அவள் அண்ணன் செந்தூரனும் வந்திருந்தார். செல்போன் கடை முதலாளி. விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதும் என்னை 'மாப்ள' என்றுதான் அழைக்கிறார். அவருக்கு எதுவும் உறைக்காது. சென்ற ஆண்டு ஆதிரையின் பிறந்தநாளை ஏசி ஹாலில் நடத்தியவர் அவர்தான். அந்த வீடியோவை ஆலோசகர் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினார். சோப்புக் குமிழி ஊதும் ஒரு இயந்திரம். கரடி வேஷத்தில் ஒரு ஆள். முதுகு ஜிப் பாதி திறந்து உள்ளே பனியன் தெரிகிறது. மைக்கில் ஒரு பெண் "குட்டீஸ், சத்தம் பத்தல!" என்று கத்துகிறாள். குட்டீஸ் காதைப் பொத்திக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் தலையில் கிரீடத்தோடு ஆதிரை, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் போல நிற்கிறாள்.

"இந்த வருஷமும் அதே ஹாலைச் சொல்லி வெச்சிருக்கேன் மேடம்" என்றார் செந்தூரன்.

நான் சும்மா இருந்திருக்கலாம்.

"இதுக்குப் பேரு பார்ட்டியா? வீட்டுல கிடக்கிற அட்டைப்பெட்டியையும் காலி பாட்டிலையும் வெச்சே இதைவிட நல்லா நடத்திடலாம்" என்றேன்.

ஆலோசகர் அம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "நடத்துங்களேன் திருமாறன். உங்க வீட்டுலயே. காலையில வந்து சாயங்காலம் போகட்டும். அவங்க அம்மாவும் கூட இருக்கட்டும். நல்லபடியா நடந்தா, காலாண்டு லீவுக்கு முழுசா உங்ககிட்ட அனுப்பலாம்னு நானே எழுதறேன்."

மஞ்சரி தரையைப் பார்த்தாள். ஆதிரை மஞ்சரியைப் பார்த்தாள். பிறகு "சரி" என்றாள். யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று தெரியவில்லை.

இருபத்து நான்காம் தேதி. இன்னும் மூன்று வாரம்.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஒன்பது வயதுப் பெண் என்ன விளையாடுவாள்? மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க யோசித்தேன். தெரியவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

வேலை முடிந்து வந்து, 'செலவில்லாத பிறந்தநாள் விளையாட்டுகள்' என்று போனில் தேடினேன். நாட்டில் இத்தனை தாய்மார்கள் வேறு வேலை இல்லாமல் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. "மூணே பொருள் போதும் ஃபிரெண்ட்ஸ்" என்று தொடங்குகிறார்கள்; வீடியோ முடிவதற்குள் பதினொரு பொருள் வெளியே வருகிறது. ஒருத்தி பேப்பர் கப்புகளைக் கோபுரமாக அடுக்கி, உருட்டிய சாக்ஸால் அடிக்கச் சொல்கிறாள். அவள் மகன் முதல் வீச்சிலேயே டியூப்லைட்டை அடித்துவிடுகிறான். அந்த இடத்தை வெட்டக்கூட இல்லை, அப்படியே போட்டிருக்கிறாள்.

தண்ணீர் மோட்டார் சுவிட்சுக்குச் சாவி கேட்டு எதிர் வீட்டு ஃபுளோரா வந்தாள். மழலையர் பள்ளி ஆசிரியை. கணவர் மங்களூரில் வேலை செய்கிறார். இரட்டைப் பிள்ளைகள், ஜெரோம், ஜெனிட்டா; ஆதிரை வயதுதான். போன் திரையைப் பார்த்துவிட்டாள்.

"என்னண்ணா, நீங்க போயி இதெல்லாம் பாக்குறீங்க?"

சொன்னேன்.

"எந்த கேமா இருந்தாலும் அஞ்சு நிமிஷத்துக்கு மேல ஓட்டாதீங்க. அழுறவங்களுக்கும் ஒரு மிட்டாய் குடுங்க. அவ்ளோதான் விஷயம்" என்றாள்.

தோற்றவனுக்கும் மிட்டாய். இப்படி வளர்வதால்தான் எங்கள் தொழிற்சாலைக்கு வரும் புதுப் பையன்களுக்கு மில்லிமீட்டரில் பாதி தவறினாலும் அது தவறுதான் என்று தெரிவதில்லை.

ஆகஸ்ட் 9, சனி

தொழிற்சாலைக் கிடங்கிலிருந்து பேரிங் வரும் பெரிய அட்டைப்பெட்டிகள் ஆறு கேட்டு வாங்கி வந்தேன். கேண்டீனில் காலி பாட்டில்கள். இஸ்திரி போடுபவரிடம் பழைய செய்தித்தாள் ஒரு கட்டு.

வளையம் வீசும் விளையாட்டை முதலில் செய்தேன். பத்து பாட்டில்களில் மணல் நிரப்பி, எடை ஒன்றுபோல் இருக்கிறதா என்று பார்த்து, வரிசைக்கு வரிசை சம இடைவெளி விட்டுத் தரையில் கோடு போட்டேன். அட்டையில் வெட்டிய வளையங்கள் எல்லாம் ஒரே விட்டம். வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தேன். தேறாத நான்கைத் தூக்கிப் போட்டேன். அந்த வீடியோ அம்மாக்கள் ஒருத்தியாவது இதைச் செய்வாளா?

சோதனைக்கு இரட்டையரைக் கூப்பிட்டேன். நான்கு நிமிடம் விளையாடினார்கள்.

"அங்கிள், போர் அடிக்குது" என்றான் ஜெரோம்.

ஜெனிட்டா நான் தூக்கிப் போட்ட நான்கு வளையங்களையும் கையில் மாட்டிக்கொண்டு வளையல் என்று ஆட்டிக்காட்டினாள். குழந்தைகளுக்கு நல்லது எது, கழிவு எது என்று தெரியாது. சொல்லித் தருபவர்களும் இல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மையம். ஆதிரைக்கு எந்த விளையாட்டு பிடிக்கும் என்று கேட்டேன்.

"எதுவா இருந்தாலும் ஓகேப்பா."

"எதுவா இருந்தாலும்னா எப்படி? ஒண்ணு சொல்லு."

"நீங்க சொல்லுங்க."

ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். பார்க்கலாம் என்று குனிந்தேன். கையால் மூடிக்கொண்டாள். நான் நிமிர்ந்து ஜன்னல் பக்கம் போன பிறகுதான் கையை எடுத்தாள். இந்த மாதிரி மறைக்கும் பழக்கத்தை அந்த வீட்டில்தான் கற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 13, புதன்

தூண்டில் விளையாட்டு தயார். அட்டை மீன், வாயில் ஜெம் கிளிப், தென்னங்குச்சியில் நூல், நுனியில் பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம். இருபது மீன். செதில் வரைந்தேன். சொல்லக் கூடாது, நன்றாகத்தான் வந்திருக்கிறது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

காலையில் தொழிற்சாலையில் கொடியேற்றம். மேலாளர் உரையில் 'தரமே தேசபக்தி' என்றார். பூந்தி லட்டு ஊசிப்போயிருந்தது.

மதியம் மஞ்சரியின் போனிலிருந்து ஒரு படம் வந்தது. ஆதிரை தானே வரைந்த அழைப்பிதழ். பலூன்கள், கேக், பெட்டிக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் ஒரு பூனை. கீழே 'என் பிறந்தநாள் விழாவிற்க்கு வாங்க'. 'விழாவிற்கு' என்பதில் 'க்' வராது. மூன்றாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அந்த எழுத்தைச் சிவப்பில் வட்டமிட்டு, பூனையின் மீசை ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் இரண்டு என்பதையும் குறித்துத் திருப்பி அனுப்பினேன். 'மற்றபடி நன்று' என்றும் எழுதினேன்.

மாலையில் மஞ்சரியிடமிருந்து ஒரே வரி: 'மீதி கார்டு அவ வரையலையாம்.'

பிழை என்றால் பிழைதான். அதைச் சொல்லாமல் வளர்ப்பதற்குப் பெயர் அன்பு இல்லை.

பூனையை மட்டும் போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். பெட்டியின் விளிம்பில் இரண்டு பாதங்களையும் வைத்திருக்கிறது. பூனை அப்படித்தான் வைக்கும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மையத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே போய்விட்டேன். மாடிப்படித் திருப்பத்தில் நிற்கும்போது மேலே ஆதிரையின் குரல் கேட்டது. மையத்துக் காவலாளி போலப் பேசிக்கொண்டிருந்தாள்: "கையெழுத்து போட்டியாம்மா? நேரம் போட்டியாம்மா? பேனாவைக் குடுத்துட்டுப் போம்மா." அதே மூக்கடைப்பு, அதே இழுவை. மஞ்சரி அடக்க முடியாமல் சிரித்தாள். அடுத்து செந்தூரனைப் போல: "மாப்ள, புது மாடல் வந்திருக்கு மாப்ள, எடுத்துக்குங்க மாப்ள." துல்லியம். நானே சிரித்துவிட்டேன்.

என் காலடி கேட்டதும் நின்றுவிட்டது. நான் உள்ளே போனபோது கலர் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் ஒரு யோசனை வந்தது.

ஆகஸ்ட் 20, புதன்

பொட்டலம் கை மாற்றும் விளையாட்டு ஃபுளோரா சொன்னது. ஒரு சின்னப் பரிசைச் செய்தித்தாளில் பல சுற்றாகச் சுற்றி, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சீட்டு வைக்க வேண்டும். பாட்டு ஓடும்போது குழந்தைகள் வட்டமாக உட்கார்ந்து பொட்டலத்தைக் கை மாற்றுவார்கள். பாட்டு நிற்கும்போது யார் கையில் இருக்கிறதோ அவர் ஒரு சுற்றைப் பிரித்துச் சீட்டில் உள்ளதைச் செய்ய வேண்டும். எளிமையான, முட்டாள்தனமான விளையாட்டு.

ஒன்பது சீட்டு எழுதினேன். ஒற்றைக் காலில் நில். தவளை போல் தாவு. பாதி எலுமிச்சம்பழத்தை முகம் சுளிக்காமல் சப்பு. இந்தத் தரத்தில்தான் எழுத முடியும்.

ஐந்தாவது சீட்டு: 'உனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவரைப் போல் நடித்துக் காட்டு.'

பாட்டை நிறுத்துவது என் கையில் இருக்கிறது. ஐந்தாவது சுற்றில் பொட்டலம் ஆதிரையிடம் வரும்போது நிறுத்துவேன். கரடி வேஷம் வாடகைக்கு எடுத்தவர், தன்னைத் தன் மருமகள் எப்படிப் பார்க்கிறாள் என்று எல்லோர் முன்பும் பார்க்கட்டும். இதில் என்ன தவறு? குழந்தைக்குக் கைதட்டல் கிடைக்கும்.

ஆகஸ்ட் 23, சனி

வீடு பெருக்கினேன். திரைச்சீலை துவைத்துப் போட்டேன். கேக் சொல்லியாகிவிட்டது, பேக்கரிக்காரன் 'ஆதிரை'க்கு 'ஆதிறை' என்று எழுதித் தந்த துண்டுச்சீட்டைத் திருத்திக் கொடுத்தேன். எலுமிச்சை, ரஸ்னா, சமோசா. பலூன் ஊதி வாய் வலிக்கிறது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வரிசையாக எழுதுகிறேன்.

பத்தரைக்கு செந்தூரன் காரில் வந்தார்கள். ஆதிரை, மஞ்சரி, ஆதிரையின் பள்ளித் தோழிகள் இருவர். எங்கள் குடியிருப்பிலிருந்து இரட்டையரும் இன்னும் மூன்று பிள்ளைகளும். ஃபுளோரா உதவிக்கு. எட்டுக் குழந்தைகள் பத்துக்குப் பதினைந்தடி அறையில் எழுப்பும் சத்தம் தகடு அழுத்தும் எங்கள் பிரஸ் ஷாப்பில்கூட வராது.

செந்தூரன் சுற்றிப் பார்த்துவிட்டு, "சூப்பரா பண்ணியிருக்கீங்க மாப்ள" என்றார். வாடிக்கையாளரிடம் பேசும் குரல்.

வளைய விளையாட்டு ஆறு நிமிடம் ஓடியது. கோட்டில் நிற்கவே மாட்டேன் என்கிறார்கள். தூண்டிலுக்கு மட்டும் சண்டை வந்தது. செய்தித்தாள்மேல் நின்று ஆடும் விளையாட்டில் ஒரு தோழி அழுதாள், மிட்டாய் கொடுத்தேன், உடனே நிறுத்தினாள். ஆதிரை எல்லாவற்றையும் ஒழுங்காக விளையாடினாள். ஒவ்வொரு முறை வீசும் முன்பும் என்னைப் பார்த்தாள், வீசிய பின்பும் பார்த்தாள். வளையம் ஒன்றுகூட விழவில்லை. "மணிக்கட்டைத் திருப்பாதே" என்று சொல்லிக் கொடுத்தேன். அதன் பிறகு தன் முறையை ஜெனிட்டாவுக்குக் கொடுத்துவிட்டாள்.

பிறகு பொட்டலம். நான்காம் சுற்று வரை தவளை, எலுமிச்சை என்று போனது. ஐந்தாவதில், திட்டமிட்டபடி, ஆதிரை மடியில் நிறுத்தினேன். தாளைப் பிரித்தாள். சீட்டை மனதுக்குள் படித்தாள்.

"சத்தமா படி ஆதிரை" என்றார் செந்தூரன். படித்தாள்.

"யாரை வேணா பண்ணலாமா?" என்று கேட்டாள்.

"யாரை வேணா" என்றேன் நான். செந்தூரன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுந்தாள். தோளை நிமிர்த்தினாள். ஒரு கண்ணைச் சுருக்கினாள். பாட்டில்களிடம் நடந்து போய், ஒரு வளையத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நாக்கால் 'ச்' என்றாள்.

"யார் செஞ்சது இது?"

குரல் என்னுடையது. பிள்ளைகள் வெடித்துச் சிரித்தார்கள்.

இல்லாத சட்டைப் பையிலிருந்து இல்லாத ஒரு சுருளை எடுத்தாள். நகத்தால் எதையோ உரித்து, வளையத்தின்மேல் கட்டைவிரலால் அழுத்தினாள். "டப்" என்றாள். திரைச்சீலையைத் தடவிப் பார்த்து, டப். கேக்கைக் குனிந்து பார்த்து, டப். செந்தூரன் மாமாவின் வயிற்றில், டப். அவரும் வயிறு குலுங்கச் சிரித்தார். மஞ்சரியின் கையைத் தூக்கிப் பார்த்து, டப். மஞ்சரி சிரிக்கவில்லை. அடுத்து எதில் ஒட்டலாம் என்று சுற்றிலும் பார்த்தவள், தன் கட்டைவிரலைத் தன் நெற்றியிலேயே வைத்து அழுத்தினாள்.

டப்.

"யாரு இது? யாரு?" என்று கத்திக்கொண்டிருந்த ஜெரோம், "அய், மாறன் அங்கிள்!" என்றான்.

அப்போதுதான் ஆதிரைக்கு நான் அங்கே நிற்பது நினைவுக்கு வந்தது போல. விரல் நெற்றியிலேயே இருந்தது. முகத்திலிருந்து எல்லாம் வடிந்துவிட்டது.

அது என்ன ஸ்டிக்கர் என்று எழுதித்தான் ஆக வேண்டும். எங்கள் தொழிற்சாலையில் தேறாத பாகங்களில் ஒட்டும் சிவப்பு வட்டம். 'ரிஜெக்ட்' என்று அச்சடித்திருக்கும். ஒரு சுருள் எப்போதும் என் சட்டைப் பையில் கிடக்கும். வீட்டில் வேடிக்கைக்காக ஒட்டுவேன். தீய்ந்த தோசையில். கோணலாகத் தைத்த திரையில். ஆதிரை களிமண்ணில் செய்த யானையில். எல்லோரும் சிரிப்பார்கள். முதலில் சிரித்தார்கள்.

அறையில் ஃபுளோரா என்னைப் பார்த்தாள், செந்தூரன் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். என் வாயில் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது: 'ஸ்டிக்கரை மேலே ஒட்ட மாட்டோம், அடிப்பக்கம்தான் ஒட்டுவோம்.' அதுதான் முதலில் வந்தது. என் மூளை எப்படிப்பட்டது என்று எனக்கே தெரியட்டும் என்று எழுதி வைக்கிறேன். நல்லவேளை, சொல்லவில்லை. ஃபுளோரா என் கையிலிருந்த போனை வாங்கிப் பாட்டைப் போட்டாள். பொட்டலம் மறுபடி சுற்றத் தொடங்கியது.

நான் சமையலறைக்குப் போய் ரஸ்னா கலக்கினேன். மஞ்சரி பின்னால் வந்து நின்றாள்.

"அவமேல கோபப்படாதீங்க. வேணும்னு செய்யலை."

"நெத்தியில நான் எப்ப ஒட்டினேன்? அது அவளாச் சேர்த்துக்கிட்டது."

"யூகேஜில. உங்க ஆபீஸ்காரங்க குடும்பத்தோட வந்திருந்தாங்க. பாட்டு சொல்லச் சொன்னீங்க. பாதியில மறந்துட்டா. எடுத்து ஒட்டினீங்க. எல்லாரும் சிரிச்சாங்க."

"எனக்கு ஞாபகம் இல்ல."

"சரி" என்றாள். டம்ளர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஞாபகம் இருக்கிறது. அந்தப் பசை லேசில் விடாது. மஞ்சரி தேங்காய் எண்ணெய் தேய்த்துத்தான் எடுத்தாள். ஆதிரை அழவில்லை. விருந்தினர் போகும் வரை சிரித்துக்கொண்டே இருந்தாள், அவர்கள் சிரித்ததால்.

ரஸ்னாவை எடுத்துக்கொண்டு நான் வெளியே வந்தபோது விளையாட்டெல்லாம் முடிந்திருந்தது. நான் மூன்று வாரம் செய்த எதையும் யாரும் தொடவில்லை. பேரிங் வந்த காலிப் பெட்டிகளுக்குள் நுழைந்துகொண்டு, முழங்காலால் நகர்ந்து ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டிருந்தார்கள். விதி இல்லை, வெற்றி தோல்வி இல்லை. ஒரு பெட்டிக்குள்ளிருந்து ஆதிரை கத்திய கத்தலை நான் இதுவரை கேட்டதே இல்லை. பாட்டில்கள் சரிந்து தரையெல்லாம் மணல். சமோசா மிதிபட்டது. ஒன்றரை மணி நேரம்.

போகும்போது "தேங்க்ஸ்ப்பா" என்றாள். பார்வை என் சட்டைப் பையில் இருந்தது. பையில் எதுவும் இல்லை. இருந்தாலும் அங்கேதான் பார்த்தாள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

வேலைக்குப் போனேன். மூன்று பாகங்களை நிராகரித்தேன். மூன்றுமே உண்மையில் தவறானவை. இரண்டு முறை அளந்து பார்த்தேன்.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி விடுமுறை. சுவரிலிருந்து செல்லோடேப் உரித்தேன், பெயிண்டும் சேர்ந்து வந்தது. ஃபுளோரா கொழுக்கட்டைக்குப் பதில் கேக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வாசலிலேயே நின்றாள்.

"பாப்பா சூப்பரா நடிச்சாண்ணா."

"அவ மாமாவை நடிப்பான்னு நினைச்சேன். அதுக்காகத்தான் அவகிட்ட நிறுத்தினேன்."

இதை ஏன் அவளிடம் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஃபுளோரா "பொறந்தநாள் அன்னைக்கா அண்ணா?" என்று மட்டும் கேட்டாள். போய்விட்டாள். கேக்கில் சர்க்கரை அதிகம் என்று எழுத வந்தேன். எழுதவில்லை. எழுதிவிட்டேன்.

மதியம் செந்தூரன் போன் செய்தார். "மாப்ள, ஞாயித்துக்கெழமை மேடம் கேட்டா எல்லாம் நல்லா நடந்துச்சுன்னே சொல்லிடறேன். அந்த ஸ்டிக்கர் கதையெல்லாம் எதுக்கு? மஞ்சரிகிட்டயும் பேசிட்டேன். புள்ளைக்கு அப்பா வேணும்ல."

இந்த ஆளை நான் பத்து ஆண்டுகளாக ஏளனமாகவே பார்த்து வந்திருக்கிறேன். அவர் கடையின் பெயர்ப்பலகையை, அவர் சிரிப்பை, அவர் ஆங்கிலத்தை. இன்று அவர் எனக்கு உதவி செய்கிறார். அவமானமாக இருக்கிறது. அவரைக் கேலி செய்ய வைக்கப் போட்ட திட்டம் அவருக்குத் தெரியாது என்பது இன்னும் அவமானம்.

"சரி மச்சான்" என்றேன். அவரை மச்சான் என்று கூப்பிட்டு நாளாகிவிட்டது.

ஆகஸ்ட் 30, சனி

நாளைக்கென்று புதுச் சட்டை வாங்கினேன். பை இல்லாத சட்டையாகக் கேட்டேன். கடைக்காரன் ஒரே ஒரு நிறத்தில்தான் இருக்கிறது என்றான். கையில் எடுத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ஆலோசகர் அம்மா கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கேட்டார். ஆதிரை பக்கத்து அறையில் இருந்தாள். கதவு பாதி திறந்திருந்தது.

"நல்லா இருந்துச்சு மேடம்" என்றாள் மஞ்சரி.

"எங்க ஹாலெல்லாம் ஒண்ணுமே இல்ல மேடம். பசங்க கிளம்பவே மாட்டேன்னுட்டாங்க" என்றார் செந்தூரன். பொய் இல்லை.

"அப்ப காலாண்டு லீவு முழுசும் போட்டுடலாமா?" பேனாவைத் திறந்தார். "நீங்க ஏதாவது சொல்லணுமா திருமாறன்?"

'இல்லை' என்றால் போதும். பதின்மூன்று மாதமாக நான் கேட்டுக்கொண்டிருந்தது அந்தத் தாளில் விழப் போகிறது. ஒன்பது நாள், என் வீட்டில், என் மகள். ஒன்பது நாளும் எதைத் தொடும் முன்பும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"ஒண்ணு இருக்கு மேடம்" என்றேன்.

சொன்னேன். ஸ்டிக்கரை, யானையை, யூகேஜி பாட்டை. அழைப்பிதழில் போட்ட வட்டத்தை. பொட்டலத்தை எதற்காக அவளிடம் நிறுத்தினேன் என்பதையும், செந்தூரன் பக்கத்தில் இருக்கும்போதே சொன்னேன். கோர்வையாக வரவில்லை. தொழிற்சாலையில் அறிக்கை வாசிப்பவன் போல வந்தது. வேறு எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியாது. செந்தூரன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். மஞ்சரி முதல் முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் மன்னிப்பு இருந்தது என்றெல்லாம் எழுத மாட்டேன். இல்லை. ஆச்சரியம் இருந்தது.

ஆலோசகர் அம்மா பேனாவை மூடினார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி திறந்தார்.

"இப்ப நான் முழு லீவு எழுத முடியாது. தெரியுதில்ல?"

"தெரியுது."

"மாசத்துல ரெண்டு சனிக்கிழமை. உங்க வீட்டுல. காலையில கூட்டிட்டுப் போயி சாயங்காலம் கொண்டுவந்து விடணும். டிசம்பர்ல மறுபடி பாக்கலாம். ஆனா ஆதிரையைக் கேக்கணும்."

கூப்பிட்டுக் கேட்டார். ஆதிரை வந்து நின்றாள். கதவு திறந்திருந்ததால் எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. கேட்டிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன்.

"ஜெனிட்டாவும் இருப்பாளா?" என்றாள்.

"எதிர் வீடுதான்" என்றேன்.

"அப்ப சரி."

எனக்காக இல்லை, ஜெனிட்டாவுக்காக. பரவாயில்லை.

கையெழுத்துப் போட்டுவிட்டு எல்லோரும் படியிறங்கினோம். செந்தூரன் என்னோடு பேசாமல் காரை எடுக்கப் போனார். அது நியாயம். மஞ்சரி ஜெராக்ஸ் கடையில் தாளை நகலெடுக்க நின்றாள். ஆதிரையும் நானும் படிக்கட்டின் கடைசிப் படியில் நின்றோம். அவள் என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். பிறகு சாலையைப் பார்த்தாள். பிறகு மறுபடி என்னை.

"அப்பா, ஒண்ணு சொல்லட்டா?"

"சொல்லும்மா."

"இந்தச் சட்டை உங்களுக்கு நல்லாவே இல்ல."

சொல்லிவிட்டு ஒரு படி பின்னால் ஏறி நின்றுகொண்டாள்.

ஒன்பது ஆண்டில் அவள் என்னிடம் எதையும் நன்றாக இல்லை என்று சொன்னதில்லை. எனக்கு உடனே பதில் வந்தது: துணி சுத்தப் பருத்தி, தையல் நேர், நிறம் அவரவர் ரசனை. அதையெல்லாம் விழுங்கிக்கொண்டு சட்டையைக் குனிந்து பார்த்தேன். மஞ்சளும் இல்லை, ஆரஞ்சும் இல்லை.

"அவ்வளவு மோசமாவா இருக்கு?"

"பூசணிக்காய் மாதிரி இருக்கீங்க." அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. மூக்கு வழியாகச் சிரிப்பு வந்துவிட்டது. "வெட்டின பூசணிக்காய்."

நகலெடுத்துக்கொண்டு வந்த மஞ்சரி எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, காரை நோக்கி நடந்தாள்.

"அப்ப என்ன கலர் வாங்கட்டும்?" என்று கேட்டேன்.

ஆதிரை ஒரு படி இறங்கி வந்து, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கி என்னை அளந்தாள்.

"யோசிச்சு சனிக்கிழமை சொல்றேன்" என்றாள்.